வேர்ச்சொல் சகாதேவன்

மனிதர்களில் வேர்ச்சொல்காரர்கள் என்று ஒரு ரகம் உண்டு. அவர்கள் முன்னால் வாய் தவறி ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்லிவிட்டால் போதும்; அந்தச் சொல்லின் அப்பா யார், பாட்டன் யார், எந்தச் சீமையில் பிறந்து எத்தனை வாயில் தேய்ந்து உங்கள் வாய்க்கு வந்து சேர்ந்தது என்று வம்சாவளியை அவிழ்த்துவிடுவார்கள். நீங்கள் சொல்ல வந்த விஷயம்? அது கிடக்கிறது ஒரு மூலையில்.

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த சகாதேவன் இந்த ரகத்தில் முதல் தரம். லீவு கேட்டு வருகிறவரை உட்காரவைத்து, "லீவுன்னா ஆதியில அனுமதின்னுதான் அர்த்தம், தெரியுங்களா?" என்று அரை மணி நேரம் விளக்குவார். அனுமதியை மட்டும் கொடுக்க மறந்துவிடுவார்.

தொண்ணூற்றேழாம் வருஷம், தை மாதத்து வெள்ளிக்கிழமை. கீழ்பென்னாத்தூரில் மைத்துனி பாஞ்சாலையின் மகள் மணிமொழிக்கு நிச்சயதார்த்தம். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் மாலை மாற்றிவிட வேண்டும். மனைவி ஆதிலட்சுமி முதல் நாளே போய்விட்டாள். திருவண்ணாமலையிலிருந்து மாலைகளை வாங்கிவரும் பொறுப்பு சகாதேவனுடையது.

எட்டு மணிக்கே வாங்கிவிட்டார். எட்டரைக்கு பஸ் ஸ்டாண்டில் காவி வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் அவர் காலை மிதித்துவிட்டு, "சாரி" என்றார்.

விடுவாரா? சாரிக்கும் துயரத்தைக் குறிக்கும் சாரோவுக்கும் ரத்த சம்பந்தமே இல்லை, புண், வலி என்று பொருள்படும் சோர்தான் அதற்குத் தாய், காலப்போக்கில் வலி குறைந்து மரியாதை ஜாஸ்தியாகிவிட்டது என்றெல்லாம் அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்திலேயே விளக்கினார். அடுத்தடுத்து மூன்று பஸ் போயின. கடைசியில் வெள்ளைக்காரர் கையை மெல்ல உருவிக்கொண்டு, "நோ இங்கிலீஷ். இத்தாலி" என்றார்.

கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால்.

பந்தலில் எல்லோர் முகமும் உம்மென்று இருந்தது. "இன்னாங்க இது, எல்லாரும் உங்களுக்காகத்தானே குந்தியிருக்கோம்!" என்றாள் ஆதிலட்சுமி. மாப்பிள்ளையின் அப்பா இருசப்பன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். ராகுகாலம் முடியும் பன்னிரண்டு வரை காத்திருக்க அவருக்கு மனமில்லை. "ஒரு வார்த்தை சாரின்னு சொல்லிருந்தாகூட மனசு ஆறியிருக்கும்" என்றார்.

சகாதேவனின் முகம் மலர்ந்தது. "சாரியா? அது எப்படி வந்துச்சு தெரியுங்களா?"

புண்ணையும் வலியையும் கடந்து, காது கேட்காதபோது இங்கிலீஷ்காரன் அதே சொல்லைக் கேள்வியாக இழுப்பது வரைக்கும் வந்தார். இருசப்பன் செருப்பைத் தேடினார். பாஞ்சாலை, "மாமா, போதும் மாமா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

உள்ளேயிருந்து மணிமொழி வந்தாள். கண்மை கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது.

"பெரியப்பா, அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சிச்சு. உங்க வாயிலேருந்து எப்ப வரும்?"

சகாதேவன் வாயைத் திறந்தார். ஆயிரம் சொற்களுக்கு ஜாதகம் கணித்தவருக்கு, இந்த ஒன்றை இதுவரை யாரிடமும் தான் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"தப்பு என்னுதுதாம்மா. பேசிப் பேசியே பஸ்ஸ விட்டுட்டேன்" என்றார். பிறகு இருசப்பன் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "மன்னிச்சிடுங்க."

அவ்வளவுதான். விளக்கம் இல்லை. இருசப்பன் துண்டை எடுத்து நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். "சரி, பன்னண்டுக்கே மாத்திக்கலாம். அதுக்குள்ள ஒரு டீயாச்சும் குடுங்க" என்றார்.

மாலை மாறியது. பந்தியில் மாப்பிள்ளை பாலாஜிக்குச் சகாதேவன் தன் கையாலேயே பாயசம் ஊற்றினார். அந்தப் பிள்ளை பணிவாக, "தேங்க்ஸ் மாமா" என்றான்.

பந்தி மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. சகாதேவனின் கண்ணில் ஓர் ஒளி. உதடு பிரிந்தது. ஆதிலட்சுமி அவசரமாக ஒரு வடையை எடுத்து அவர் வாயில் திணித்தாள்.

இந்த ரகம் ஊருக்கு ஒருவர்தான் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நீங்கள் பேச ஆரம்பித்ததும் வீட்டில் யாருக்காவது அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வருகிறதா? நன்றாக யோசித்துப் பாருங்கள். எந்த வீட்டிலும் பால் அத்தனை தடவை பொங்காது.