முட்டை குடித்தது நான்தான்

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.

சுவிசில் இருக்கும் அன்புத் தம்பி கிருசாந்தனுக்கு அக்கா கமலேஸ்வரி எழுதிக்கொள்வது. பிள்ளையார் கிருபையால் இங்கு அனைவரும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். போனில் சொல்லக்கூடிய விஷயமென்றால் போனிலேயே சொல்லியிருப்பேன். நீ ஸ்பீக்கரில் போட்டு வீடு முழுக்கக் கேட்கக் கதைக்கிறவன். ஆகவே இதைத் தனியே இருந்து வாசி.

மருமகளின் சாமத்தியச் சடங்குக்கு நீ மண்டபம் பிடித்து, குதிரை வண்டியும் வானத்தில் பறந்து படமெடுக்கிற கமராவும் பேசி, டிக்கெட்டும் போட்டுவிட்டாய் என்று அறிந்தேன். தம்பி, என் மகள் யதுர்ஷிகா இன்னும் பெரிய பிள்ளையாகவில்லை. அவளுக்கு மூக்கொழுகுகிற தடிமன், அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். உன் அத்தானின் செத்தவீட்டிலேயே எனக்குத் திடீர் திடீரென்று நெஞ்சுக்குள் அடுப்பு மூட்டினதுபோல் கொதித்து, தலையால் வேர்வை ஓடியது. "பாவம், துக்கம் உடம்பில கொதிக்குது" என்று சனம் விசிறியது. எட்டு மாதமாகியும் கொதி நிற்கவில்லை. துக்கம் வேறு, வேர்வை வேறு. எனக்கு இரண்டும் ஒரே வருடத்தில் வந்ததால் ஒருவருக்கும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மாதத் தீட்டு நின்றதை அத்தானின் அக்கா சிவனேஸ்வரி மச்சாளுக்கு மட்டும் சொன்னேன். "வரேக்கை குடுத்த சாப்பாட்டைத்தானடி போகேக்கையும் குடுக்கவேணும்" எண்டு சொல்லிப்போட்டு, பெரிசான பிள்ளைக்குக் குடுக்கிற மாதிரியே நாப்பது நாள், விடிய வெறும் வயித்தில பச்சை முட்டை, அதுக்கு மேல நல்லெண்ணெய், பிறகு உளுத்தங்களி எண்டு தந்தா. நாப்பத்தொன்பது வயசில மூக்கைப் பொத்திக்கொண்டு குடிச்சன். கொதி குறையேல்லை, நான்தான் பெருத்தன். முட்டைக் கோதையும் எண்ணெய் மணத்தையும் வேலிக்கு அங்கால நிண்ட விமலேஸ்வரி பிடிச்சிட்டா. பிள்ளையும் தடிமனோட மூண்டு நாள் பள்ளிக்கூடம் போகேல்லை. "என்ன கமலேஸ், எங்களுக்கு ஒளிக்கிறியளோ?" எண்டு கேட்டா. முட்டை எனக்கெண்டு சொல்ல வெக்கப்பட்டு சும்மா சிரிச்சுப்போட்டன். அந்தச் சிரிப்பைத்தான் அவா பிள்ளை பெரிசாயிட்டாள் எண்டு அண்டைக்கே வட்சப்பில உனக்கு அனுப்பினவா.

கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போனன். டொக்டர் பிள்ளை பிறசர் பாத்து, ரத்தம் சோதிச்சு, "அம்மா, இது மாதவிடாய் நிக்கிற காலத்தில எல்லாருக்கும் வாறது. முதல் அந்த முட்டையை நிப்பாட்டுங்கோ, கொலஸ்ட்ரோல் ஏறிக்கிடக்கு" எண்டா. தேத்தண்ணியைக் குறைச்சு, பின்னேரம் நடக்கச் சொல்லி, எல்லாம் சோதிச்ச பிறகு ஓமோன் குளிசையும் தந்தவா. ஒரு மாசமாப் போடுறன், கொதி குறைஞ்சு நித்திரையும் வருது. நித்திரை வந்தாப் பிறகுதான் பக்கத்துப் பாய் வெறுமையாக் கிடக்கிறது தெரியுது. அதுக்குக் குளிசை இல்லையாம், கேட்டுப் பாத்தன்.

ஆகவே தம்பி, நீ வரவேண்டாம். மண்டபத்தையும் விடு, குதிரையையும் விடு. அத்தான்ர செத்தவீட்டுக்கு ஒரு நாள் லீவு தராத உன்ர முதலாளி சடங்கெண்டதும் மூண்டு கிழமை தந்திருக்கிறானாம். அப்பிடிப்பட்ட நல்ல மனுசனை ஏமாத்தக் கூடாது.

பிறசர், கொலஸ்ட்ரோல் அண்டாமல் நீயும் மனைவி மக்களும் நீடூழி வாழ வாழ்த்தும்,
அக்கா,
கு. கமலேஸ்வரி.

பி.கு.: ஒட்டின கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். வா தம்பி. முதலாளிக்கு ஒண்டும் சொல்லாதை. யதுர்ஷிகாவோட கதைச்சிட்டன், நீ வந்து நிக்கிற மூண்டு கிழமையும் அவள் பெரிய பிள்ளைதான்.