பூதம் வளர்க்க அனுமதி

நாங்கள் தயாரிக்கும் கைபேசி விளையாட்டில் ஆடுகிற ஒவ்வொருவரும் ஒரு ராஜா. அவருக்கு ஒரு கோட்டை, நாலு வயல், கொஞ்சம் வில்லாளிகள், கோட்டைக்குப் பின்னால் ஒரு பூதப் பட்டி. பட்டியில் பூதங்களை ஜோடி சேர்த்துக் குட்டி போட வைத்து, அவை வளர்ந்ததும் ஓட்டிக்கொண்டு போய் அடுத்த ராஜாவின் கோட்டையை இடிக்க வேண்டும். அவரும் அதே நல்லெண்ணத்தோடு எதிரே வந்துகொண்டிருப்பார். இதில் யார் கையும் அளவுக்கு மீறி ஓங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. 'சமநிலைக் கண்காணிப்பாளர்' என்று என் மேசைமேல் பலகை உண்டு. அந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

வம்பு சேற்றுப் பூதத்தில் ஆரம்பித்தது. அது ஒரு சாது. அடித்தால் இரண்டாகப் பிளந்து இரண்டு சேற்றுப் பூதமாக நிற்கும், அவ்வளவுதான். யாரும் அதைச் சீந்தவில்லை. ஒருநாள் யாரோ ஒரு ராஜா அதை நெருப்புப் பல்லியோடு ஜோடி சேர்த்துவிட்டார். பிறந்த குட்டி நெருப்பும் கக்கியது, அடித்தால் பிளக்கவும் பிளந்தது. போதாக்குறைக்கு, குட்டிகள் பெற்றோரின் குணங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் அவர்களை ஒருபடி மிஞ்ச வேண்டும் என்று விதி இருந்தது. அந்த விதியை எழுதியவன் நான். பிள்ளைகள் அப்பா அம்மாவை மிஞ்ச வேண்டும் என்று நினைப்பது ஒரு குற்றமா?

பேரன் தலைமுறை தும்மினால் மதில் விழுந்தது. கொள்ளுப்பேரன் கோட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தாலே போதும். ராஜாக்கள் கொதித்துப் போனார்கள். "என் வில்லாளிகளை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? துணி காயப் போடவா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான்.

மேலாளர் அவசரக் கூட்டம் போட்டார். கோட்டும் விளையாட்டு ஷூவும் சேர்த்துப் போடுகிறவர். சமீபத்தில் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து எதையும் 'பயணம்' என்றுதான் சொல்வார். சாப்பிடப் போவதுகூட மதிய உணவுப் பயணம்.

"நம்ம ராஜாக்களோட பயணத்துல ஒரு தடங்கல் வந்திருக்கு. தீர்வு சொல்லுங்க" என்றார்.

எங்கள் புரோகிராமர் பெண் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "குட்டி ஒருபடி மிஞ்சணும்னு ஒரு கூட்டல் குறி இருக்கு சார். அதை எடுத்துட்டா போதும். டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடலாம்."

எனக்குப் பகீரென்றது. டீ ஆறுவதற்குள் தீர்ந்துவிடுகிற பிரச்சினைக்கு ஒரு கண்காணிப்பாளர் எதற்கு என்று யாராவது கேட்டுவிட்டால்? தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன்.

"எடுத்துடலாம். ஆனா அது வெறும் அறிகுறிக்கு வைத்தியம். நமக்குத் தேவை முறைப்படுத்தப்பட்ட, படிப்படியான, பொறுப்பான இனப்பெருக்கம்."

மேலாளரின் முகம் மலர்ந்தது. எனக்கும் உள்ளே என்னவோ மலர்ந்தது. பிறகு பேசியது நான் இல்லை, அந்தப் பலகை.

அப்படிப் பிறந்ததுதான் பூத இனப்பெருக்க அனுமதி அலுவலகம். ஒவ்வொரு கோட்டையிலும் ஒரு குமாஸ்தா உட்காருவார். அவர் தலையசைத்தால்தான் ஜோடி சேரலாம். சட்டென்று தலையசைக்க மாட்டார். முதலில் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார், ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார், டீ குடிக்கப் போவார், வந்து மறுபடி கண்ணாடியைத் துடைப்பார். அவரை யாரும் கொன்றுவிடக் கூடாது என்பதால் சாகா வரம் கொடுத்தேன். விதியில் 'எந்த ஜோடியும் காத்திருக்க வேண்டும்' என்று எழுதியிருக்கலாம். அதில் கம்பீரம் போதவில்லை. 'குமாஸ்தாவின் எதிரே வரும் எந்த உயிரும், அவர் தலையசைக்கும்வரை அசையாது நிற்கக் கடவது' என்று எழுதினேன். அந்த 'கடவது'வைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துக்கொண்டேன்.

"சார், குமாஸ்தாவும் நம்ம கணக்குல ஓர் உயிர்தான். பட்டிக்குள்ள விட்டா..." என்று புரோகிராமர் இழுத்தாள்.

"குமாஸ்தாவை யாரும்மா பட்டிக்குள்ள விடப்போறாங்க?" என்று சிரித்தேன். கூட்டமே சிரித்தது.

திட்டம் பிரமாதமாக நடந்தது. பூதங்கள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து கொட்டாவி விட்டன. பிறப்பு மளமளவென்று குறைந்தது. மேலாளர் என் முதுகைத் தட்டினார். வீட்டில் நான் பெரிய மனுஷன் மாதிரிக் கொஞ்சம் மெதுவாக நடக்கப் பழகினேன்.

அப்புறம்தான் 'மூட்டுவலி' வந்தார்.

அது ஒரு ராஜாவின் புனைபெயர். அவர் எங்கள் குமாஸ்தாவை நைசாகப் பட்டிக்குள் ஓட்டி, சேற்றுப் பூதத்தோடு ஜோடி சேர்த்துவிட்டார். அனுமதி தர வேண்டியவரே மாப்பிள்ளை என்பதால் அன்றைக்கு மட்டும் தலை உடனே அசைந்தது. பிறந்த குட்டி மூக்குக் கண்ணாடியோடு பிறந்தது. அப்பாவைப் போல அதற்குச் சாவில்லை. அம்மாவைப் போல அடித்தால் இரண்டாகப் பிளந்தது. தாமதத்தில் அப்பாவை ஒருபடி மிஞ்சியது.

மூட்டுவலி அதைக் கொண்டுபோய்க் கோட்டை வாசலில் உட்கார வைத்தார். படையெடுத்து வந்தவனின் பூதங்கள் அதன் எதிரே வந்ததும் விதிப்படி அசையாமல் நின்றன. ஆத்திரத்தில் அவன் தூரத்திலிருந்து கல்லெறிந்தான். இரண்டு குட்டிக் குமாஸ்தாக்கள் ஆயின. இரண்டும் கண்ணாடியைத் துடைத்தன. இன்னும் இரண்டு கல். நான்கும் டீ குடிக்கப் போயின.

இதைப் பார்த்த எல்லா ராஜாக்களும் அதையே வளர்க்க ஆரம்பித்தார்கள். நாடு முழுக்க ஒவ்வொரு கோட்டை முன்னாலும் ஒரு படை வரிசையில் நின்றது. அந்தப் படைக்குப் பின்னால் இன்னொரு படை. ஒரு கோட்டைகூட விழவில்லை.

"யார் இந்த மூட்டுவலி? ஆளைக் கண்டுபிடிச்சு வெளியே அனுப்புங்க" என்றார் மேலாளர்.

சிரமமே வைக்கவில்லை. அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே கூடத்திலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. காலுக்கு ஒரு தலையணை, முதுகுக்கு ஒரு தலையணை, கையில் போன், அதன் திரையில் 'மூட்டுவலி' என்ற பெயர்.

"வாங்க மாப்பிள்ளை. இதைக் கொஞ்சம் பாருங்களேன், என் வாசல்ல எத்தனை படை! எந்தப் புண்ணியவானோ ஒரு குமாஸ்தாவைப் பண்ணிவிட்டிருக்கான். அசட்டுப் பய, ஆனா நல்லா இருக்கணும்."

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பூதங்களோடு மாரடிப்பதை மாமியாரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, 'நிர்வாகத்துல பெரிய பொறுப்பு' என்று நான் சொல்லி வைத்திருப்பது அவளுக்குத் தெரியும். பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அசடுன்னு எப்படி அத்தை சொல்றீங்க? ஒருவேளை யோசிச்சுப் பண்ணியிருக்கலாம் இல்லையா?"

"யோசிக்கிறவன் 'கடவது'ன்னு எழுதுவானா?"

மாமியாரை வெளியே அனுப்பிவிட்டு அதே வீட்டில் சாப்பிடுகிற துணிச்சல் எனக்கு இல்லை. மறுநாள் காலையில் புரோகிராமரின் மேசைக்குப் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கூட்டல் குறியை எடுத்துடவா சார்?"

"எடுத்துடும்மா. குமாஸ்தாக்களையும் சேர்த்து."

அவள் டீ ஆறவில்லை.

படைகளெல்லாம் விடுபட்டன. கோட்டை வாசல்கள் வெறிச்சென்று திறந்து கிடந்தன. இனி இடிக்கலாம், யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும். யாரும் இடிக்கவில்லை. அதற்குப் பதில் புகார்கள் வந்து குவிந்தன. 'நான் வரிசையில் முன்னால் இருந்தேன். என் இடம் என்ன ஆயிற்று?' 'எனக்குப் பின்னால் வந்தவனும் நானும் ஒன்றா?' 'ஒரு ஒழுங்காவது இருந்தது, அதையும் கெடுத்துவிட்டீர்கள்.' காத்திருந்த நேரத்தில் சிநேகமானவர்கள், கல்யாணம் பேசி முடித்தவர்கள், பக்கத்துப் படையோடு இடத்தகராறு நடத்திக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் நடுத்தெருவுக்கு வந்துவிட்டதாக எழுதினார்கள். வீட்டில் மாமியார் என்னோடு பேசவில்லை. விஷயம் எப்படியோ தெரிந்துபோயிருந்தது. எப்படி என்று மனைவியிடம் கேட்டபோது அவளுக்கு அவசரமாகத் துணி மடிக்க வேண்டியிருந்தது.

மேலாளர் கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்றே நினைத்துப் போனேன். அவர் எழுந்து வந்து கையைக் குலுக்கினார்.

"ஜனங்க சண்டைக்கு வந்ததைவிடக் காத்திருக்கத்தான் அதிகமா வந்திருக்காங்க. ஒருத்தராலயும் ஒண்ணும் பண்ண முடியலை. இதைவிடச் சமநிலை உண்டா? குமாஸ்தாவைத் திருப்பிக் கொண்டுவாங்க. அந்தக் கூட்டல் குறியையும் மறந்துடாதீங்க."

திரும்பக் கொண்டுவந்தோம். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. மேசை மட்டும் அதே மேசை.

ஊரே ஆடுகிறதே என்று நானும் ஒரு படையைத் திரட்டிக்கொண்டு மாமியார் கோட்டைக்குப் புறப்பட்டேன். வரிசையின் வால் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. கூடத்துக்குப் போய்க் குழைந்தேன்.

"அத்தை, என்னை மட்டும் கொஞ்சம் முன்னாடி விடக்கூடாதா?"

"வீட்டு மனுஷன்னு விட்டா நாலு பேர் என்னைக் கேள்வி கேட்பாங்க மாப்பிள்ளை. பின்னாடி போய் நில்லுங்க."

போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் ஒரு புது ராஜா வந்து சேர்ந்தார்.

"முன்னாடி என்னங்க இருக்கு?" என்று எழுதிக் கேட்டார்.

"ஒரு கோட்டை."

"உள்ளே?"

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுமில்லை."

"அப்புறம் எதுக்கு நிக்கிறோம்?"

நான் பதிலை யோசிப்பதற்குள் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார்.

"நிக்க இஷ்டமில்லேன்னா நகருங்க சார், ரெண்டு பேரும். பின்னாடி எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க, பாருங்க."

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். நானும் புது ராஜாவும் அவசர அவசரமாக ஆளுக்கு ஓர் அடி முன்னால் நெருங்கி நின்றுகொண்டோம்.