பாட்டரிக்கு ஆகாத வெயில்

இந்தக் கோடைக்குள் ஒரு பிக்கப் டிரக் வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். பாலைவன நகரமான ஃபீனிக்ஸில், எங்கள் தெருவில், டிரக் இல்லாத ஆண்பிள்ளை நான் ஒருத்தன்தான். குறுக்கே நின்றது எங்கள் ஹைப்ரிட் கார். பத்து வயசு. பெட்ரோலும் பாட்டரியும் மாறி மாறி இழுக்கும். சனியன், ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை.

"அது ஓடுற வரைக்கும் வேற வண்டிப் பேச்சே கிடையாது" என்று சொல்லிவிட்டாள் என் மனைவி டார்லீன்.

சரி, பாட்டரியைச் சாகடித்துவிடுவோம் என்று தீர்மானித்தேன். வாயால்தான்.

"டார்லீன், அந்த பாட்டரிக்கு ஆயுசு முடியப்போகுது. நம்ம ஊர் வெயில் அதுக்கு எமன். வாசல்லயே நின்னு வேகுது, பாவம்."

"வெயில்தான் காரணமா?"

"முக்கால்வாசி வெயில்தான்."

"நிழல்ல நின்னா?"

"இன்னும் பல வருஷம் வரும். நிழலுக்கு நாம எங்க போறது?"

அவள் சிரித்தாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு டிரக்குக்கு நிறம் யோசிக்கப் போனேன்.

சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தால் வாசலில் கூட்டம். எங்கள் ஊரில் கராஜில் எவன் கார் நிறுத்துவான்? என் கராஜ் என் அரண்மனை. சாய்வு சோபா, குட்டி ஃபிரிட்ஜ், டிவி, ஒரு மீனும் பார்க்காத தூண்டில்கள், ஜன்னலில் ஏசி. ஏசி தவிர எல்லாமே வெளியே விலைச்சீட்டு ஒட்டி விற்பனைக்கு நின்றன. சோபாவில் பக்கத்து வீட்டு க்ளைட் சாய்ந்திருந்தான்.

"நல்லா சாயுதுப்பா வெர்னன்."

"டார்லீன், என்ன இது?"

"பாட்டரிக்கு நிழல் வேணும்னு நீதானே சொன்னே?"

சொன்னது நான்தான். அதுதான் குழப்பமாக இருந்தது.

"இரு, இரு. நிழல் மட்டும் பத்தாது. பின்சீட்டுப் பக்கத்துல பாட்டரிக்குக் காத்து போற வழி இருக்கு. நாய் முடி அடைச்சா சூடேறிச் செத்துடும். நம்ம நாய் கொட்டுற முடிக்கு..."

தூசி உறிஞ்சும் மெஷினை என் கையில் கொடுத்தாள். "வாராவாரம் சுத்தம் பண்ணிடு."

விடவில்லை நான். "ஓட்டாம நிறுத்தி வெச்சாலும் கெட்டுடும்."

"ஓட்டிட்டாப் போச்சு. எங்கம்மாவ தினம் பிங்கோ விளையாடக் கூட்டிட்டுப் போ."

மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். அதற்குள் பையோடு வந்து முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

சொன்னதெல்லாம் நான். உண்மையும்கூட. ஜெயித்தது மட்டும் எப்படி அவள்? எங்கே சறுக்கினேன் என்று இன்னும் பிடிபடவில்லை. போன வாரம் மெக்கானிக் சோதித்துப் பார்த்து, "பாட்டரி கல்லு மாதிரி இருக்கு சார். இவ்வளவு அக்கறையா யாரும் பாத்துக்க மாட்டாங்க" என்று என் தலையில் கடைசிக் கல்லையும் போட்டான்.

இப்போது கார் என் கராஜில் ஏசியில் இருக்கிறது. வீட்டுக்குள் மாமியார் சத்தமாக டிவி பார்க்கிறார். கார் நின்ற இடத்தில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு நான் இருக்கிறேன். நேற்று பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"டார்லீன், நான் இங்க வெயில்ல வேகுறேன்."

அவள் கராஜ் கதவை இறக்கிக்கொண்டே சொன்னாள்: "உனக்கென்ன வெர்னன், நீ பாட்டரியிலயா ஓடுறே?"