பச்சவெள்ளம் அண்ணனும் பச்சை ஜீன்ஸும்

சாயா வேண்டாம் என்று சொன்ன மனிதர் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் எங்கள் பச்சவெள்ளம் அண்ணன். எந்த வீட்டுப் படியேறினாலும், "இத்திரி பச்சவெள்ளம் தா மக்கா" என்பார். பச்சைத் தண்ணீர்தான்; காய்ச்சாமல், கிணற்றில் கோரியபடியே வேண்டும். பெண் பார்க்கப் போன வீட்டில் பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய சிவப்பு வெள்ளம் வந்தது. பெண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கிணத்துக்கு என்ன கேடு?" என்று கேட்டார். பெண்ணின் அப்பா வாசலைக் காட்டினார். கல்யாணப் பேச்சு அத்தோடு சரி.

துணிக் கம்பெனிகள் மண்ணையும் நீரையும் கெடுக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. அவர் பரிசோதகர், நான் போட்டோ எடுப்பவன். ஒரு ஜீன்ஸ் கம்பெனிக்கு, மண்ணுக்கும் நீருக்கும் கேடில்லை என்று நாங்கள் தரும் இலைப் படம் போட்ட பச்சைச் சீட்டைத் தன் பேண்டுகளில் தொங்கவிட ஆசை. எல்லையோரத்தில் இருந்த அவர்களுடைய சலவை ஆலையைப் பார்க்கப் போனோம்.

மேனேஜர் எங்களைக் கழிவுநீர்த் தொட்டிக்கு அழைத்துப் போனார். "பாத்தியளா, மீனு நீந்துது!"

"மீனு எப்பம் வாங்கினது?" என்றார் அண்ணன்.

"இண்ணைக்கு காலத்த" என்ற மேனேஜர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அண்ணனின் உண்மையான பரிசோதனை ஆலைக்கு வெளியேதான். விருந்தாளிக்குப் பச்சவெள்ளம் கொடுக்க முடியாத வீட்டில் கிணறு செத்துவிட்டது என்பது அவர் கணக்கு. ஆலைக்குக் கீழே முதல் வீட்டில் சாயா தந்தார்கள். அடுத்த வீட்டில் கடைச் சோடா. மூன்றாவது வீட்டுத் தங்கம், சாயா, லைம், மோர் என்று எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டு அழுதுவிட்டாள்.

"எனக்க மாப்பிள அந்த ஆலையிலயாக்கும் சாரே. அத பூட்டினா எனக்க பிள்ளியளுக்கு கஞ்சி இல்ல. வெள்ளத்துக்கு ஒரு கேடும் இல்ல. பாருங்க, நான் குடிக்கேன்!"

கிணற்றில் கோரிய வெள்ளத்தை டம்ளரோடு வாய்க்குக் கொண்டுபோனாள். அடியில் நீலம் படிந்திருந்தது. அண்ணன் வெடுக்கென்று பிடுங்கினார்.

"வீட்டுக்கு வந்தவனுக்குள்ள வெள்ளமாக்கும் இது" என்று ஒரே மடக்காகக் குடித்தார்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் வாந்தி. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முதுகைத் தடவிவிட்டேன். "என்னத்துக்கு அண்ணே குடிச்சிய?"

"பின்ன, அவ குடிக்கட்டும்னு நிக்கவா?"

வயிறு அன்றைக்குக் கெட்டது, இன்றும் நேராகவில்லை.

அறிக்கையை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அண்ணனின் ஆங்கிலமும் காய்ச்சாததுதான். பச்சவெள்ளத்தை அப்படியே பெயர்த்து, 'எந்த வீட்டிலும் கிரீன் வாட்டர் இல்லை' என்று எழுதி அனுப்பிவிட்டார். பெங்களூரில் இருந்த தலைமை ஆபீஸ்காரர்கள், தண்ணீரில் பாசி இல்லை, சுத்தம் என்று புரிந்துகொண்டார்கள். ஜீன்ஸுக்குப் பச்சைச் சீட்டு கிடைத்துவிட்டது.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு போன் செய்தார். கையெழுத்து உங்களுடையதுதானே என்றார்கள். கம்பெனியின் புதுக் கடைத் திறப்பு விழாவுக்கு, தங்கம் வீட்டுக் கிணற்று வெள்ளத்தைக் குப்பியில் கொண்டுபோய், "குடியும் சாரே" என்று முதலாளியிடம் நீட்டினார். வேலை போயிற்று. ஆலை ஓடுகிறது.

இப்போது தன் வீட்டுக் கிணற்று வெள்ளத்தைக் கேன்களில் நிரப்பி, தினமும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் அந்த வீடுகளுக்குக் கொடுக்கிறார். அங்கே அவரைக் கண்டாலே ஆகாது. போன வாரம் நானும் பின்னால் உட்கார்ந்து போனேன்.

"ஓய், எங்க கஞ்சியில மண்ணள்ளிப் போடவா வாறீரு? போவும் அந்தால!" என்று ஆலைக்குக் கேட்கும்படி கத்தினாள் தங்கம். கத்திக்கொண்டே கேனை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"வாங்கிட்டா மக்கா, பாத்தியா!" அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இந்த மனிதருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று எனக்குப் பயமாக இருந்தது.