கம்பம்மெட்டு வரை வந்தவள்

பழனியாண்டவர் துணை

கொழிஞ்சாம்பாறை,
மாசி, 1974.

ஆனைக்கரையில் இருக்கும் தங்கை பொன்னாத்தாளுக்கு அக்கா செல்லாத்தாள் எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் ஏலத்தோட்டமும் ஆண்டவன் கிருபையால் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உன் மாமாவும் நானும் இருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று எழுதி உன்னைக் காக்க வைத்துவிட்டேன். அம்மா காரியத்துக்குப் பிறகு உன் முகம் பார்க்கவில்லையே என்றுதான் கிளம்பினேன். எனக்கு ஆக்கி வைத்த சோற்றை என்ன செய்தாயோ. நடந்ததைக் கேள். பென்ஷன் வாங்கிய நாள் முதல் உன் மாமாவுக்குச் சரித்திரப் பித்து. சிநேகிதரின் காரையும் டிரைவர் சூசையப்பனையும் இரவல் வாங்கி, காரின் தலைமேல் சைக்கிளைக் கட்டினார். ஆறு கண்ட இடத்தில் அதை இறக்கிக் கரையோரமாக மிதிப்பார்; நாங்கள் ரோட்டு வழியே போய்க் காத்திருக்க வேண்டும். சித்தூர்ப் புழையோரம் உடைந்த மண்டபம், மறையூரில் பாம்பாற்றோரம் மிதித்துவிட்டு முனியறை என்கிற பழங்காலக் கல்லறை. "இது ரெண்டாயிரம் வருசத்துக் கல்லு, தெரியுமா?" என்றார். "நானுங் கல்லாட்டந்தானுங்க உக்காந்திருக்கறேன், என்னையும் ஒருக்கா பாருங்க" என்றேன். அளவு நாடாவின் நுனியைப் பிடிக்கச் சொன்னார். சூசையப்பன் ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்குவான். நான் கட்டுச்சோற்று மூட்டையோடு பேசிக்கொண்டிருப்பேன். செலவுக் கணக்கில் 'கல் பார்த்த வகை' என்று தனியாகவே எழுதியிருக்கிறேன்.

எப்படியோ கம்பம்மெட்டு வந்தது. அப்புறம் உன் ஊடு எட்டிப் பிடிக்கிற தூரம்தானே. ஏலக்காய் வாசத்துக்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து, பழைய எல்லைக்கல் ஒன்று இருக்கிறதாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளை இறக்கினார். மஞ்சு இறங்கி மலையே மூடிவிட்டது. ஆளைக் காணோம். "ஏனுங்க, ஏனுங்க" என்று கத்தினேன். கடைவீதி ஆம்பளைகள் எல்லாரும் திரும்பினார்கள், திரும்ப வேண்டியவரைத் தவிர. கோயில் திருவிழாவுக்கு மைக்செட் கட்டியிருந்தார்கள். "பேரச் சொல்லுங்கம்மா, கூப்பிட்டுருவோம்" என்றார் மைக்செட்காரர். புருசன் பேரை வாயால் எப்படியடி சொல்வேன்? சூசையப்பனுக்கோ 'சார்' என்பதற்கு மேல் தெரியாது. "திருச்செங்கோட்டுச் சாமி பேருங்க" என்றேன். விளங்கவில்லை. "பாதி ஆம்பளை, பாதி பொம்பளைங்க" என்றேன். "யாரு, உங்க வீட்டுக்காரரா?" என்று மைக்கை அணைக்காமலே கேட்டார். பிறகு, மலைக்கோயில் என்றால் முருகன்தான் என்று அவரே முடிவு கட்டி, "முருகேசன் எங்கிருந்தாலும் வரவும், உங்க சம்சாரம் அழுதுகிட்டு நிக்கிறாங்க" என்று முழங்கினார். மூன்று முருகேசன்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நல்லவேள, நம்ம ஆளு இல்ல" என்று போனார்.

இருட்டுகிற வேளைக்கு உன் மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, "பாவம், எவளோ ஒருத்தி புருசனத் தொலச்சுப்போட்டு அழுகறா, கேட்டியா?" என்றார்.

விடிந்தால் காரை ஒப்படைக்க வேண்டும் என்று அங்கிருந்தே திருப்பிவிட்டார்கள். உன் ஊர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன், மஞ்சுதான் தெரிந்தது. இனி என்னை எதிர்பார்க்காதே. இந்த ஜென்மத்தில் ஊட்டு வாசலைத் தாண்டுவதாயில்லை. குழந்தைகளுக்கு என் பங்குக்கும் நீயே திருநீறு பூசிவிடு.

இப்படிக்கு,
அக்கா செல்லாத்தாள்

பின்குறிப்பு: மேலே எழுதியது கிடக்கட்டும். உன் மாமா நாளைக்கும் புழைக்கரைக்குக் கல் பார்க்கப் போகிறாராம். நான் பொள்ளாச்சி போய்ப் பஸ் ஏறி, தனியாகவே வருகிறேன். அதனால் இதைத் தபாலில் போடவில்லை, கையோடு கொண்டு வருகிறேன். நானே உனக்கு வாசித்துக் காட்டுகிறேன். நான் வாசிக்க வாசிக்க நீ குறுக்கே பேசிக்கொண்டே இரு.