பொய்லருக்கு மேல் ஒரு முட்டை

முட்டை கண்ணில் பட்ட அந்தக் கணத்தில்தான் மகேந்திரராசாவின் போன் சார்ஜ் இல்லாமல் செத்துப்போனது.

முதல் மழை பெய்து ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை. ஃபவோரித்தா பூங்காவில், ஓக் மரத்தடிச் சருகுக்குள், வெள்ளை வெளேரென்று கிடந்தது அது. தொட்டுப் பார்த்தார். ஓடு இல்லை, தோல் மாதிரி மெத்தென்றிருந்தது. ஆமை முட்டை!

கத்தப் போனவர் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பக்கம் கொட்வின் போனும் கையுமாகத் திரிந்துகொண்டிருந்தான். பூங்காவில் கண்ட உயிர்களைப் படமெடுத்து வாட்ஸப் குழுவில் போடுவதுதான் இத்தாலியில் நம்மவர்களுக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. போன கிழமை கொட்வின் முள்ளம்பன்றியைப் போட்டான், குழுவே கைதட்டியது. மகேந்திரராசா போட்டது ஒரு புறா. "அண்ணை, கறி வைச்சாச்சோ?" என்று அவன் கேட்டது இன்னும் நெஞ்சில் குத்தியது.

"என்னப்பா அங்கை குந்திக்கொண்டு?" பாதையில் நின்று மனைவி விமலராணி கூப்பிட்டாள்.

"ஒண்டுமில்லை. சப்பாத்துக் கயிறு அவிண்டு போச்சு."

"செருப்போடை வந்தனீங்களெல்லே?"

முட்டை கம்பளித் தொப்பிக்குள் ஏறியது. குஞ்சு பொரிக்கட்டும், படத்தோடு போடுவோம். முள்ளம்பன்றி எந்த மூலைக்கு!

வீட்டில் அதை ஐஸ்கிரீம் பெட்டியில், ஈரச் சருகோடு, குசினிச் சுடுதண்ணிப் பொய்லருக்கு மேலே ஒளித்து வைத்தார். நல்ல கதகதப்பு.

செவ்வாய்க்கிழமை வேலையால் வந்து கதவைத் திறந்தவர் மூக்கைப் பொத்தினார். எலி செத்து, அதற்குப் பக்கத்தில் மீனும் அழுகியது போல ஒரு நாற்றம்.

விமலராணி இடுப்பில் கை வைத்து நின்றாள். "உண்மையைச் சொல்லுங்கோ. கருவாடு பொரிச்சனீங்களோ?"

"அம்மாவாணை இல்லை! கனவிலை மட்டுந்தான்."

சிரிக்கிற விஷயமில்லை அது. மேல்வீட்டு சிஞ்ஞோரா கொன்செத்தாதான் வீட்டுச் சொந்தக்காரி. "இன்னொருக்கா கருவாட்டு மணம் வந்தால் வீட்டை விட்டு எழுப்பிப்போடுவன்" என்று போன வருசம் விமலராணியிடம் சொல்லியனுப்பியிருந்தார். 'பிரஷர் கூடிப்போச்சு, உப்பைக் குறையுங்கோ' என்று டொக்டர் சொன்னதும் அதே கிழமைதான். டொக்டரின் சொல்லை மகேந்திரராசா காதில் வாங்கவில்லை, சிஞ்ஞோராவின் சொல்லுக்கு நடுங்கிப்போனார். கபோ சந்தைக்குப் பக்கத்தில் இப்படியொரு வீடு இனி எங்கே கிடைக்கும்? அந்த மனுசியைச் சமாதானப்படுத்தவென்றே விமலராணி சனிக்கிழமைகளில் மேலே போய் வீடு துடைத்துக் கொடுத்தாள். திரும்பி வந்தால் மத்தியானச் சாப்பாடும் வேண்டாம் என்பாள். பாவம், களைப்பு.

"அப்ப இது என்ன நாத்தம்?"

மகேந்திரராசாவின் கண் பொய்லர் பக்கம் ஒருமுறை போய் வந்தது. "சாக்கடையாக்கும். சாம்பிராணி போடு."

போட்டாள். புகை படியேறி மேல்வீட்டுக்குப் போனது.

"ஐயோ, யன்னலைத் திறவுங்கோ!"

திறந்தார். நேர் மேலே சிஞ்ஞோராவின் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன.

"மூடுங்கோ, மூடுங்கோ! நான் வெங்காயமும் கருவேப்பிலையும் தாளிக்கிறன்."

தாளித்தாள். நாற்றத்துக்கு இப்போது உருசியும் வந்துவிட்டது. மேலே ஒரு இருமல் கேட்டது. பிறகு படியில் செருப்புச் சத்தம்.

"ராணி, அவ வாறா! வீடு போச்சு!"

"திறக்காதேங்கோ!" விமலராணி அவரைவிட மோசமாக நடுங்கினாள். "வீட்டிலை ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லுங்கோ!"

"ஆர் சொல்லுறது?"

கதவு அதிர்ந்தது. திறந்தே விட்டார். சிஞ்ஞோரா யாரையும் பார்க்கவில்லை. மூக்கை முன்னால் விட்டு அதன் பின்னால் நடந்து, பொய்லருக்குக் கீழே போய் நின்றார். எட்டிப் பெட்டியை எடுத்தார். மூடியைத் திறந்தார்.

ஆமையைக் காணவில்லை. முட்டை பிளந்து, உள்ளேயிருந்து இரத்தச் சிவப்பில் ஒரு கூண்டு எழும்பி நின்றது. வலை பின்னின பந்து மாதிரி, திருவிழா விளக்கு மாதிரி.

"காளான்!" சிஞ்ஞோரா இத்தாலியனில் கூவினார். "சின்னப் பிள்ளையில் ஃபவோரித்தாவில் கண்டது! முட்டை மாதிரித்தான் முளைக்கும். ஈயைக் கூப்பிடத்தான் இப்படி நாறும்!"

மகேந்திரராசா போனை இழுத்தெடுத்தார். படமெடுத்தார், குழுவில் போட்டார். உடனே போன் டிங் டிங்கென்று துள்ளத் தொடங்கியது. "கொட்வின், முடிஞ்சுதடா உன்ரை முள்ளம்பன்றி!"

அந்தச் சந்தோசத்தில் தைரியமும் வந்தது. தனக்குத் தெரிந்த இத்தாலியனில் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "கண்டீங்கள்தானே, சிஞ்ஞோரா? மணம் எங்கடை மீனில்லை. நீங்கள் வேண்டாமெண்ட நாளிலிருந்து காய்ஞ்ச மீனை நான் தொடவேயில்லை. எங்களை எழுப்பிப் போடாதேங்கோ."

சிஞ்ஞோரா அவரைப் பார்த்தார். விமலராணியைப் பார்த்தார். விமலராணி முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானா வேண்டாமென்றேன்? கருவாட்டையா?" அந்த ஒரு சொல் மட்டும் சுத்தத் தமிழில் வந்து விழுந்தது. "சனிக்கிழமையில் இவள் மேலே வந்து பொரித்துத் தராவிட்டால் எனக்குச் சாப்பாடே இறங்காதே!"