சகலையின் கறுப்புக் கோட்டு

புது வருஷத்தின் முதல் நாளே ஆஞ்சலா ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். இந்த வருஷம் யாருக்கும் கடையில் வாங்கின பரிசு கிடையாது, எல்லாம் என் கையால் போட்ட கிராஸ் ஸ்டிச்தான் என்று அறிவித்தாள். தாளில் பதினொரு பேர், பதினொரு தேதி. ஒரு ஞானஸ்நானம், ஒரு புதுவீடு, ரிடையர் ஆகப்போகும் ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் என்று போய், கடைசி வரி டிசம்பர் இருபத்தெட்டில் நின்றது: கேத்தரின் அக்கா, கல்யாண வெள்ளி விழா.

லாயிட் அதைப் படித்துவிட்டு, நல்ல யோசனை என்றார். இருபத்திரண்டு வருஷ தாம்பத்தியத்தில் அவர் கண்டுபிடித்த ஒரே பத்திரமான வாக்கியம் அது.

லிங்கராஜபுரத்தில் மாடி வீடு. லாயிட் வைட்ஃபீல்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஆபீஸ் பஸ்களைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர். ஊரில் எந்த பஸ் எந்த சிக்னலில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். வீட்டில் தான் எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறோம் என்பது மட்டும் அவருக்குக் கடைசியில்தான் தெரியவரும்.

ஆஞ்சலா நர்சரி டீச்சர். மூன்று மணிக்கு வீடு திரும்பியதும் மர வளையத்தில் துணியை இறுக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். சல்லடை மாதிரித் துணி. அதில் சின்னச் சின்னக் கட்டம், கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி. பெருக்கல் குறிகள் ஆயிரக்கணக்கில் கூடினால் ஒரு மயில் வரும், இல்லாவிட்டால் ஒரு ஓட்டு வீடு வரும். லாயிட் எது கேட்டாலும் 'ம்' என்று பதில் வரும். ஒருநாள் ரசத்தில் உப்பில்லை என்றார். 'நாப்பத்தேழு' என்றாள். எண்ணிக்கொண்டிருந்தாளாம்.

பதினொன்றில் பத்தைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. பதினொன்றாவதுதான் விஷயம். போன கிறிஸ்துமஸில் கேத்தரின், தங்கை செய்த பிளம் கேக்கை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டாள். அவ்வளவுதான். அன்றோடு அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பிடிவாதத்தில் இரண்டும் ஒரே அச்சு. ஆனால் அம்மா போன பிறகு ஆஞ்சலாவுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அந்த அக்கா ஒருத்திதான். வாயால் மன்னிப்புக் கேட்க வராது என்பதால் ஊசியால் கேட்கலாம் என்று முடிவு செய்திருந்தாள்.

கேத்தரினின் கல்யாண போட்டோவையே கட்டம் போட்ட சார்ட்டாக மாற்றி வாங்கியிருந்தாள். மாதா கோவில் வாசல். படியில் சிவப்புக் கம்பளம். வெள்ளைப் புடவையில் கேத்தரின். பக்கத்தில் மாப்பிள்ளை டெரிக், லாயிட்டின் சகலை. டெரிக் அன்றைக்கே ஆறடி உயரம், அதற்குத் தக்க அகலம். அந்த அகலம் முழுக்கக் கறுப்புக் கோட்டு. மே மாதக் கடைசிக்குள் ஆஞ்சலா முக்கால்வாசி முடித்துவிட்டாள். மிச்சம் இருந்தது இரண்டு முகங்களும் கொஞ்சம் வானமும்தான். கண் எரிகிறது, சின்னதெல்லாம் முடித்துவிட்டு இதை எடுக்கிறேன் என்று ஒரு கவரில் போட்டு பீரோவில் வைத்தாள். அதை யாரும் தொடக்கூடாது என்றாள். வீட்டில் 'யாரும்' என்றால் லாயிட் ஒருவர்தான்.

ஜூன் மாதம் கம்பெனியில் ஒரு விழா வந்தது. ஆளுக்கு ஒன்று, தன் கையால் செய்ததைக் கொண்டுவர வேண்டும். லாயிட் தன் கையால் செய்தது என்று யோசித்துப் பார்த்தார். பஸ் அட்டவணை ஒன்றுதான் ஞாபகம் வந்தது. பீரோ ஞாபகம் அதற்குப் பிறகு வந்தது. ஒரே ஒரு நாள்தானே. காலையில் எடுத்து மாலையில் வைத்துவிட்டால் பீரோவுக்கே தெரியாது.

விழாவில் துணியைப் பார்த்தவர்கள் வாயடைத்துப்போனார்கள். முகம் ஏன் இல்லை என்று ஒரு பெண் கேட்டதற்கு, முகத்தைக் கற்பனைக்கு விட்டிருக்கிறேன் என்று லாயிட் சொன்னார். அந்தப் பதிலுக்காகவே இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். மூன்றடுக்கு டிபன் கேரியர். ஒரு கையில் அதையும் இன்னொரு கையில் துணியையும் பிடித்துக்கொண்டு அவர் கேன்டீனுக்குள் நுழைந்தபோது, அவருக்குக் கீழே வேலை பார்க்கும் உமேஷ் கைகுலுக்க ஓடிவந்தான். உமேஷின் இன்னொரு கையில் சாம்பார் கிண்ணம்.

கேத்தரினின் கல்யாணம் சாம்பாரில் நனைந்தது.

உமேஷ் துணியைப் பார்த்தான், சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்தான். "சார், சொல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில்.

அதோடு விட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். லாயிட் பாத்ரூமுக்கு ஓடி, சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டுக் கசக்கினார். சாம்பார் போகவில்லை. கம்பளத்தின் சிவப்பு மட்டும் கழன்று மேலே ஏறி, கல்யாணப்பெண்ணை இடுப்புவரை ரோஸ் நிறமாக்கிவிட்டது. மாப்பிள்ளையின் கோட்டில் ஒரு முருங்கை நார் தையலோடு தையலாகப் பின்னிக்கொண்டு நின்றது. லாயிட் துணியைப் பிழிந்து பேப்பர் டவலில் சுற்றினார். ஆஞ்சலாவின் திட்டுக்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. அக்காவும் தங்கையும் இனி எதைச் சாக்காக வைத்துப் பேசுவார்கள் என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது.

பீரோக் கவருக்குள் ஆபீஸ் காலண்டர் அட்டையை மடித்து வைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் அதே தடிமன். உள்ளே இருந்த சார்ட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் துணியும் இருபத்திரண்டு நிறத்தில் நூலும் வாங்கினார். எல்லாம் ஆபீஸ் பைக்குள் போனது. நனைந்த பழைய துணியும் அதே பைக்குள்தான் இருந்தது. அதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை.

ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கும் சொர்ணம் நீலசந்திரா ஏரியாக்காரி. புடவைக்கு எம்பிராய்டரி போட்டுத் தருவாள் என்று கேள்விப்பட்டிருந்தார். தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். முடியாது, நேரமில்லை, வேண்டுமானால் கற்றுத்தருகிறேன் என்றாள். தனக்கு இதெல்லாம் வராது என்று லாயிட் இழுத்தார்.

"ஞாயித்துக்கிழம தவறாம சர்ச்சுக்குப் போறவரு சார் நீங்க. சிலுவை போடத் தெரியாதுங்கறீங்க" என்றாள் சொர்ணம்.

டிபன் கேரியர் அன்றே குருதட்சிணையாகப் போனது.

முதல் வாரம் துணியில் விழுந்ததைவிட விரலில் விழுந்த தையல்தான் அதிகம். இரண்டாவது வாரம் கம்பளத்தின் ஓரம் தெரிந்தது. ஒரு கட்டம் தப்பாக எண்ணியிருந்ததால் அதையும் பிரித்தார். காலையில் ஆபீஸ் பஸ்ஸில் ஏறியதும் கடைசி சீட்டில் உட்கார்ந்து துணியை விரித்துவிடுவார். இரண்டாம் பரிசு வாங்கின கலைஞருக்கு ஊசியில் நூல் கோர்க்க நாலு நிமிஷம் ஏன் ஆகிறது என்று பஸ்ஸில் ஒருவரும் கேட்கவில்லை, உமேஷ் எல்லாரிடமும் சாருக்குக் கண்ணில் கோளாறு என்று சொல்லி வைத்திருந்தான். பஸ் ஓடினால் கை ஆடும். நின்றால்தான் தையல். வாழ்க்கை முழுக்க டிராஃபிக்கைத் திட்டியே பிழைத்த மனிதர், இப்போது டின் ஃபேக்டரி பக்கம் நெரிசல் கலைந்தால் முகம் வாடினார். நல்ல மழைநாளில் டெரிக்கின் ஒரு கை முழுசாக முடிந்தது.

கோட்டுதான் உயிரை எடுத்தது. கறுப்பு, கறுப்பு, மறுபடியும் கறுப்பு. மனுஷன் இவ்வளவு பருமனாகக் கல்யாணம் செய்துகொண்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. வீட்டிலும் மனசு எண்ணிக்கொண்டே இருந்தது. சாப்பாடு போதுமா என்று ஆஞ்சலா கேட்டதற்கு 'அறுபத்திரண்டு' என்று சொல்லிவிட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள், இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். உப்பில்லாத ரசத்தை லாயிட் மனசார மன்னித்தார்.

சின்னதெல்லாம் முடியும் செப்டம்பர் நெருங்க நெருங்க பயமும் நெருங்கியது. எந்த நாளும் அவள் பீரோவைத் திறக்கலாம். அவளுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் வழி என்று லாயிட் முடிவு செய்தார். கீழ்வீட்டு சுந்தரேசன் சாருக்கு அறுபது முடிகிறதே, ஒன்று போட்டுக் கொடுக்கக்கூடாதா என்றார். ஆஞ்சலா உடனே சரி என்றாள். அவருடைய பேத்திக்கும் ஒன்று என்றார். அதற்கும் சரி என்றாள். அக்காவுடையதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அது எங்கே ஓடிவிடப் போகிறது என்று அவளே சொன்னாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து லாயிட்டுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது. நாற்காலிப் பக்கத்தில் வைக்க ஆஞ்சலா ஒரு விளக்கு வாங்கிவந்தாள், பேப்பர் படிக்கக் கண்ணுக்கு நல்லது என்றாள். அவருக்குக் கறுப்பு நூல் தீர்ந்த வாரம், கடையில் தப்பாகக் கொடுத்துவிட்டார்கள் என்று மேஜைமேல் ஆறு கட்டு கறுப்பு நூலைப் போட்டுவிட்டுப் போனாள். மூன்றை எடுத்தார். அவள் எண்ணிப் பார்க்கவில்லை. சனிக்கிழமைகளில் சாயங்கால ஜெபக்கூட்டத்துக்கு அவள் மட்டும் போய் இரண்டு மணி நேரம் கழித்தே வந்தாள், அதுவரை விளக்கடியில் கோட்டு வளர்ந்தது. கடவுள் தன் பக்கம் இருக்கிறார் என்று லாயிட் நம்பினார்.

நவம்பர் மூன்றாவது வாரம் கடைசிக் கறுப்புத் தையல் விழுந்தது. பஸ்ஸில் கைதட்டினார்கள். அன்று சாயங்காலம் ஆஞ்சலா குளிக்கப் போன நேரத்தில் காலண்டரை எடுத்துவிட்டுத் துணியைக் கவருக்குள் வைத்தார். ஐந்து மாதமாகத் தோளில் உட்கார்ந்திருந்த டெரிக் இறங்கிப்போனது போலிருந்தது. இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

மறுநாளே ஆஞ்சலா கவரை எடுத்தாள். லாயிட் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அவள் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தாள். முகமும் வானமும்தான் பாக்கி, பத்து நாளில் முடிந்துவிடும் என்றாள். அவர் மூச்சு விட்டார். நல்ல யோசனை என்றார்.

டிசம்பர் இருபத்தெட்டு. சர்ச்சில் பூசை முடிந்து கேத்தரின் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அழைப்பு வந்தது வாட்ஸப்பில், அதுவும் டெரிக்கின் நம்பரிலிருந்து. அக்கா வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றாள், தங்கையைப் பார்த்ததும் பார்வையைத் தங்கையின் செருப்பில் வைத்துக்கொண்டாள். ஆஞ்சலா ஒரு வார்த்தை பேசாமல் பார்சலை நீட்டினாள். கேத்தரின் காகிதத்தைப் பிரித்தாள். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய தன்னைப் பார்த்தாள். காலடிக் கம்பளம், புடவைக் கரை, டெரிக்குக்கு அப்போதிருந்த முடி. முதலில் விரலால் கண்ணாடியைத் தடவினாள். பிறகு சட்டத்தை டெரிக்கிடம் கொடுத்துவிட்டுத் தங்கையைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதபடி பேச ஆரம்பித்ததில் யார் யாரை மன்னித்தார்கள் என்று யாருக்கும் புரியவில்லை. லாயிட் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். யாரோ நீட்டிய காபியை வாங்கிக்கொண்டார்.

டெரிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சட்டத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். மூலையில் பொடியாக இரண்டு ஆங்கில எழுத்து இருக்கிறதே, ஏ என்றால் ஆஞ்சலா, எல் யார் என்று கேட்டார்.

"அதுல முக்கால்வாசி உங்க சகலை போட்டது" என்றாள் ஆஞ்சலா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கூடம் முழுக்கச் சிரித்தது. எல்லாரையும்விட டெரிக்தான் அதிகம் சிரித்தார். லாயிட் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த காபி சாஸருக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

நாலு மணிக்கு ஆட்டோவில் வீடு திரும்பினார்கள். பானஸ்வாடி தாண்டியதும் லாயிட் மனைவி பக்கம் திரும்பினார். உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டார்.

"ஜூன்லயே. கத்தரிக்கோல் தேடி பீரோவத் திறந்தேன், கவருக்குள்ள உங்க ஆபீஸ் காலண்டர். உங்க பையத் திறந்தேன், எங்கக்கா கல்யாணம் சாம்பார் வாசனையோட இருந்துச்சு."

"அப்ப அந்த விளக்கு?"

"உங்களுக்குத்தான்."

"கறுப்பு நூலு?"

"பின்ன, கடைக்காரன் சும்மாவா ஆறு கட்டு குடுப்பான்?"

லாயிட்டுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு அடியில், மெத்தை விரித்த மாதிரி ஒரு நிம்மதியும் இருந்தது. மறைக்க இனி ஒன்றும் இல்லை. தப்புதான், எடுத்திருக்கக் கூடாது என்றார். ஆஞ்சலா பேச்சைத் தையலுக்குத் திருப்பினாள். உங்க தையல் எல்லாம் இடதுபக்கம் சாயுது, நான் வலதுபக்கம் சாய்ச்சுப் போடுறவ, முகத்தையும் வானத்தையும் உங்க பக்கமே சாய்ச்சுப் போட்டேன், இல்லன்னா வெளிச்சத்துல வித்தியாசம் தெரியும் என்றாள். சொல்லிவிட்டு அவர் விரலைப் பிடித்து, ஊசி குத்தித் தழும்பான இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

லாயிட் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். இவ்வளவு நல்ல மனசா இவளுக்கு என்று உருகிப்போனார். "ஆறு மாசம் ஆஞ்சலா. ஒரு வார்த்த திட்டல நீ. ஏன்?"

"திட்டியிருந்தா அந்தக் கறுப்புக் கோட்ட ரெண்டாந்தடவையும் நான்ல போட்டிருக்கணும்" என்றாள் ஆஞ்சலா.